பக்கத்து வீட்டுச் சாவியும் என் சட்ட ஞானமும்

எங்கள் தெருவில் யார் திருச்செந்தூர் போனாலும் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுக்கு வந்துவிடும். மில்லர்புரத்தில் இது எழுதாத சட்டம். அப்படிக் கருவாட்டு வியாபாரி அண்ணாச்சியின் சாவி என்னிடம் இருந்த ஒரு காலையில், எஸ்.ஐ. ஒருவர் கான்ஸ்டபிளோடு வந்து நின்றார். அண்ணாச்சி வீட்டில் கடல் அட்டை பதுக்கியிருப்பதாகத் தகவலாம். சோதனை போட வேண்டுமாம். பிடிக்கவே தடை உள்ள கடல் உயிரினம் அது; வைத்திருந்தால் ஜெயில்தான். அண்ணாச்சி அதைத் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஏறக்குறையத் தெரியும்.

சட்டப் புத்தகங்களைத் தூக்கம் வருவதற்காகப் படிக்கிறவன் நான். "வாரண்ட் இருக்கா?" என்றேன்.

"உங்க வீடா சார்?"

"இல்ல. ஆனா என் பொறுப்புல இருக்கு."

எஸ்.ஐ. முகம் மலர்ந்தது. "அப்ப உள்ள அட்டை இருந்தா அதுக்கும் நீங்கதான பொறுப்பு?"

தடுக்க வேண்டுமானால் வீடு என்னுடையதாக வேண்டும். வீடு என்னுடையதானால் சரக்கும் என்னுடையது. "சாவிக்கு மட்டும்தான் சார்" என்று பின்வாங்கி, அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"சாவியக் குடுத்துராதீங்க தம்பி. ஆறுமுகநேரி தாண்டிட்டேன், பஸ்ஸுலதான் வாரேன்" என்றார்.

பூட்டை உடைத்தால் அதற்கும் காரணம் எழுதவேண்டும் என்ற அலுப்போ, என் மனைவி போட்ட காப்பியோ, எஸ்.ஐ. காத்திருந்தார்.

அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதியோடு வந்து இறங்கினார். "என் வீடுதான் சார். உள்ள என்ன கெடந்தாலும் என்னுதுதான். நல்லாத் தேடுங்க. ஆனா மொதல்ல உங்க ரெண்டு பேரு பாக்கெட்டையும் நான் பாக்கணும். வெறுங்கையோட உள்ள போங்க."

தேடப் போகிறவர்களை வீட்டுக்காரர் முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்று நானும் படித்திருக்கிறேன். கேட்பதற்குத்தான் எனக்கு அங்கே வீடு இல்லை. எஸ்.ஐ. முறைத்துக்கொண்டே கைகளைத் தூக்கினார். கான்ஸ்டபிள் பையிலிருந்து ஒரு சீப்பும் பாதி கடித்த கடலை மிட்டாயும் வந்தன.

"இது என்னல?" என்றார் அண்ணாச்சி.

"காலைல சாப்பிடல அண்ணாச்சி."

நான் பூட்டைத் திறந்துவிட்டேன். உள்ளே கருவாடு இருந்தது. அதற்கு அந்தப் பக்கமும் கருவாடுதான். அட்டை ஒன்றுகூட இல்லை. எஸ்.ஐ. மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினார். அங்கே சுவரில் சாய்ந்திருந்தது, பொங்கலிலிருந்து நான் தேடிக்கொண்டிருக்கும் என் அலுமினிய ஏணி.

"இதுவும் உங்களுதா?" என்றார் எஸ்.ஐ.

"சொன்னனே சார், எல்லாம் என்னுதுதான்" என்றார் அண்ணாச்சி, என் பக்கம் திரும்பாமல்.

போலீஸ் முன்னால் அந்த வீட்டில் எனக்கும் ஒரு பொருள் உண்டு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. சாவியை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.