எவரிஸ்தோ அண்ணைக்கு அடித்த முதல் நோட்டீஸ்

பரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் புஸ்பராணியின் அச்சகத்தைத் தாண்டாமல் எந்தத் தமிழரும் சாமத்தியப்படவும் முடியாது, கலியாணம் கட்டவும் முடியாது, நிம்மதியாகச் சாகவும் முடியாது. எல்லாம் அவளுடைய இயந்திரத்தின் வாயால்தான் வெளியே வரவேண்டும். அதிலும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்றால் அவளை அடிக்க ஆளில்லை. லாச்சப்பலில் ஒருவருக்கு மூச்சு நின்றால், வைத்தியர் நாடி பிடித்துப் பார்க்க முதலே சுவரில் பசை காய்ந்துவிடும் என்று அவளுடைய புருஷன் இரத்தினம் சொல்வார்.

அந்தக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் எவரிஸ்தோ லஸ்கானோ என்ற ஆர்ஜன்டீனாக்காரர் தனியாக இருந்தார். லிஃப்ட் இல்லை. படி ஏறி முடிப்பதற்குள் மனிதருக்கு ஒரு வயது கூடிவிடும். மெலிந்த ஆள். மூக்கு முதலில் கடைக்குள் வரும், ஆள் பிறகு ஆறுதலாக வந்து சேருவார். கலியாண மண்டபங்களில் பாட்டுக்குழுக்களின் ஸ்பீக்கர் இரைந்தால் எல்லாரும் அவரிடம்தான் ஓடுவார்கள். ஒரு சுரைக்குடுவையில் பச்சை இலைத்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, இரும்புக் குழாயால் உறிஞ்சிக்கொண்டே திருத்திக் கொடுப்பார். அது கஞ்சா என்று ஊரே முதலில் நம்பியது. பிறகு சீனி வருத்தத்துக்கு நல்லது என்று யாரோ கதை கட்ட, இரத்தினமும் வாங்கிக் குடித்து ஒரு கிழமை நித்திரையில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

இருபது வருடம் லாச்சப்பலில் கிடந்ததில் எவரிஸ்தோவுக்கு எங்கள் தமிழ் நன்றாக ஒட்டியிருந்தது. காலையில் கடைக் கதவில் நின்று ஒரே கேள்விதான்.

"தங்கச்சி, இண்டைக்கு ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

"ஐயோ, அப்ப யாவாரம் படுத்திட்டுது!"

ஒருநாள் புஸ்பராணி திருப்பிக் கேட்டாள்.

"அண்ணை, ஊரிலை உங்களுக்கு ஆக்கள் இல்லையோ?"

அவர் குழாயை உறிஞ்சினார். "இருந்தவை."

"நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தால் ஆர் பாக்கிறது?"

"நீதான் நோட்டீஸ் அடிப்பியே."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். புஸ்பராணியின் நெஞ்சில் அது முள்ளாக நின்றது. 2009 மே மாதம் அவளுடைய இயந்திரம் சூடு ஆறவேயில்லை. ஊரில் யுத்தத்தில் செத்தவர்களின் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டேயிருந்தன. சொந்தத் தம்பி சஞ்சீவனின் முகத்தை மட்டும் அவளால் அடிக்க முடியவில்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. அன்றிலிருந்து, ஒரு மனிதர் கேட்க ஆளில்லாமல் போவதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

2010 செப்டெம்பரில் ஒரு வியாழக்கிழமை, பொம்பியே என்கிற தீயணைப்புக்காரர் வந்து, நெஞ்சைப் பொத்திக்கொண்டு கிடந்த எவரிஸ்தோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புஸ்பராணி ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தாள். "குடும்பமா?" என்று கேட்டார்கள். "இல்லை, கீழே கடை வைத்திருக்கிறேன்" என்றாள். குடும்பத்துக்குத்தான் சொல்லலாம் என்று வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் கடை திறக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நடைபாதையில் எவரிஸ்தோவின் கட்டில். அதன்மேல் கதிரை. கதிரையில், ராசா மாதிரிச் சாய்ந்துகொண்டு அவருடைய கிற்றார். பரிஸில் தனியே இருக்கும் கிழவரின் கட்டில் தெருவுக்கு வந்தால் கிழவர் திரும்பி வரமாட்டார். இது லாச்சப்பலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"இஞ்சாருங்கோ! அண்ணை போயிட்டார்!" அவள் போட்ட சத்தத்தில் கார் து நோர் ஸ்டேசனில் ரயில் ஒன்று பிந்திப் போயிருக்கும்.

இரத்தினம் ஓடிவந்தார். "ஆர் சொன்னது?"

"கிற்றார் தெருவிலை நிக்குது. இன்னும் ஆர் சொல்ல வேணும்? உயிரோடை இருந்தால் அதை விடுவாரோ?"

"ஒருக்கால் விசாரிச்சுப் போட்டு..."

"ஆரிட்டை விசாரிக்கிறது? கட்டடம் பாக்கிற பொம்பிளை லீவிலை போயிட்டாள். ஆஸ்பத்திரி வாயே திறக்குதில்லை. கேக்க ஆளில்லாட்டில் நகரசபைக்காரர் கொண்டுபோய் மூலையிலை தாட்டுப்போடுவினம் அப்பா! நோட்டீசைக் கண்டாவது ஒரு சொந்தம் வரட்டும்."

அடித்தாள். 'ஆர்ஜன்டீனா புவனஸ் அயர்ஸைப் பிறப்பிடமாகவும் பிரான்ஸ் லாச்சப்பலை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும்வரை கை தயங்கவில்லை. அடுத்தது உறவுமுறை. யாருடைய அன்புக் கணவர்? யாருடைய பாசமிகு தந்தை? வெறுமையாக விட அவளுக்கு மனம் வரவில்லை. 'புஸ்பராணியின் அன்புச் சகோதரரும்' என்று போட்டாள்.

படத்துக்கு எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. எண்பதில் செத்தாலும் நோட்டீசில் முப்பதுதான். எவரிஸ்தோ எப்போதோ பிளாஸ்டிக் உறை போடக் கொடுத்த பழைய படம் ஒன்று கடைக் கணினியில் கிடந்தது. தோள்வரை தலைமயிர், கையில் கிற்றார், கண்ணில் நெருப்பு. "மனுசன் என்ன வடிவடியப்பா!" என்று மூக்கைச் சீறிக்கொண்டே அதைப் போட்டாள். பெயரைப் பிரெஞ்சு எழுத்திலும் கீழே அடித்தாள். மத்தியானத்துக்குள் மெத்ரோ வாசலிலிருந்து மீன்கடை வரைக்கும் எவரிஸ்தோ ஒட்டப்பட்டுவிட்டார்.

சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆர்ஜன்டீனாப் பெட்டை ஒருத்தி வடை தின்று கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். சுவரைப் பார்த்தாள். வடை விழுந்தது. வாய் மூடவில்லை. கடைக்குள் பாய்ந்து வந்து, "இந்த மனுசனை எங்கை கண்டனீங்கள்?" என்று பிரெஞ்சில் அலறினாள்.

"மேல் வீட்டுக்காரர். ஸ்பீக்கர் திருத்திறவர்" என்றார் இரத்தினம்.

"ஸ்பீக்கரோ!" அவள் கதிரையில் இருந்துவிட்டாள். "என்ரை அம்மா இவற்றை படத்தைச் சுவரிலை வைச்சிருக்கிறா!"

பிறகு அவள் சொன்னதைக் கேட்டு இரத்தினமும் இருக்கக் கதிரை தேடினார். எவரிஸ்தோ டிராம் திருத்துகிறவரின் மகன். அந்தக் காலத்தில் அங்கே ரொக் பாடினால் ஆங்கிலத்தில்தான் பாடவேண்டும். இவர் தன் தெருவில் பேசிய ஸ்பானிய மொழியிலேயே, பஸ்ஸையும் பசியையும் பற்றிப் பாடினார். அப்படிப் பாடத் தொடங்கிய முதல் ஆட்களில் ஒருவர். குழுவுக்குப் பெயர் 'நனைந்த தீக்குச்சிகள்'. ட்ரம் அடித்தது தங்கச்சி நொர்மா. இரண்டு இசைத்தட்டு வந்தது, விளையாட்டு மைதானங்கள் நிரம்பின. பிறகு ராணுவம் ஆட்சிக்கு வந்து பாட்டுகளைத் தடைசெய்தது. 1977 இல் ஒத்திகை நடந்த வீட்டுக்குள் சிப்பாய்கள் புகுந்தார்கள். நொர்மாவைப் பிடித்து இரண்டு வருடம் அடைத்தார்கள். எவரிஸ்தோவை அன்றைக்குப் பிறகு யாரும் காணவில்லை.

"காணாமல் போனவை எண்டு அங்கை நிறையப் பேர் இருக்கினம். இவரும் அதிலை ஒருவர் எண்டுதான் இவ்வளவு காலமும்..." என்றாள் பெட்டை.

புஸ்பராணி இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். காணாமல் போனவர் தினமும் அவளுடைய கடை வாசலில் நின்று, ஆர் செத்தது என்று கேட்டிருக்கிறார்.

பெட்டை நோட்டீசைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டாள். விடிந்தால் கடை வாசலில் மெழுகுதிரி, பூ, நரைத்த நீளத் தலைமயிரோடு அழுகிற ஆர்ஜன்டீனாக் கிழவர்கள். அழுது களைத்தவர்கள் பக்கத்துக் கடை ரோல்ஸ் முழுவதையும் தின்று முடித்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு டாக்சியிலிருந்து, கறுப்பு உடுப்போடு, எவரிஸ்தோவின் அதே மூக்கு இறங்கியது. பின்னால் நொர்மா.

சுவரில் இருந்ததை இரத்தினம் பிரெஞ்சில் சொல்ல, மாணவி அதைத் தடவித் தடவி ஸ்பானிய மொழிக்கு மாற்றினாள். நொர்மாவின் கண்ணீர் பாதியில் நின்றது.

"ஆர் இந்தப் புஸ்பராணி? தங்கச்சியாம்?"

புஸ்பராணி கையை உயர்த்தினாள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள்.

"ஒரு தங்கச்சியை விட்டிட்டு ஓடிவந்து இஞ்சை இன்னொண்டு பிடிச்சு வைச்சிருந்தவனோ!" என்றாள் நொர்மா. "உடம்பு எங்கை? எங்கை வைச்சிருக்கிறீங்கள்?"

புஸ்பராணி இரத்தினத்தைப் பார்த்தாள், இரத்தினம் பெட்டையைப் பார்த்தார். அப்போதுதான் வாசலில் முதலில் மூக்கு வந்தது. பிறகு ஊன்றுதடி. பிறகு எவரிஸ்தோ. மெழுகுதிரிகளைக் கவனமாகத் தாண்டி வந்தார். ஆஸ்பத்திரி வண்டி வாசலிலேயே இறக்கிவிட்டிருந்தது; சுவரில் இருந்த படத்தையும் பிரெஞ்சுப் பெயரையும் கூட்டம் மறைத்தது, தமிழ் கதைப்பாரே தவிர வாசிக்கத் தெரியாது.

"தங்கச்சி, இண்டைக்கு ஆர் செத்தது? பெரிய ஆள் போலை!"

இரத்தினம் சுவரோடு சாய்ந்து சரிந்தார். கிழவர்களில் ஒருவர் சிலுவை போட்டார், ஒருவர் ஓடினார். புஸ்பராணி மட்டும் எப்படியோ வாயைத் திறந்தாள்.

"நீங்கள்தான் அண்ணை."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே திரும்பியவர் நொர்மாவைக் கண்டார். சிரிப்பு விழுந்தது, தடியும் விழுந்தது. நொர்மா நடந்து வந்து கன்னத்தில் ஒன்று கொடுத்தாள் பாருங்கள், லாச்சப்பல் புறா முழுவதும் புறநகர் பொண்டிக்குப் பறந்துபோய் இரண்டு நாள் திரும்பவில்லை. ட்ரம் அடித்த கை அல்லவா!

"விமானத்திலை வழி முழுக்க அழுதனான்! அந்தக் கண்ணீரைத் திருப்பித் தா!"

"பின்மதிலாலை ஏறிப் பாய்ஞ்சனான்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "உன்னைப் பிடிச்சது கப்பலிலைதான் தெரியும். பிறகு என்ன முகத்தோடை எழுதிறது?"

"முகம் வேண்டாம். எழுதியிருந்தால் காணும்."

அவள் அவருடைய சட்டையைப் பிடித்தாள். அடுத்த அறை என்று எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவள் அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். புஸ்பராணி மெல்ல உள்ளே போய், இயந்திரத்துக்குப் பின்னால் நின்று, தம்பியை நினைத்துக் கொஞ்சம் அழுதாள். கட்டில் ஏன் தெருவுக்கு வந்தது என்பது பின்னேரம்தான் தெரிந்தது. ஆறாம் மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்துத் தளம் ஊறிப்போக, திருத்த வந்தவர்கள் சாமான்களைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான்!

"செத்தார் எண்டு கதை வந்தால் ஆயுசு கெட்டி" என்று புஸ்பராணி எல்லாரிடமும் சொல்லிச் சமாளித்தாள். அது பொய்யாகவில்லை. அஞ்சலிக் கூட்டத்துக்கு எடுத்த மண்டபத்தில் செத்தவரே பாடினார், நொர்மா ட்ரம் அடித்தாள், ஆர்ஜன்டீனாக் கிழவர்களும் எங்கள் மாமிமாரும் ஒரே தாளத்தில் கை தட்டினார்கள். ஒவ்வொரு வருடமும் நொர்மா வந்து ஆறாம் மாடி ஏறி, அண்ணனைத் திட்டிவிட்டு இறங்கினாள்.

2017 மார்கழியில் எவரிஸ்தோவை மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் போன புஸ்பராணியிடம் ஆஸ்பத்திரி வாசலில், "குடும்பமா?" என்று கேட்டார்கள். இந்த முறை புஸ்பராணி யோசிக்கவில்லை. "தங்கச்சி" என்றாள். உள்ளே விட்டார்கள்.

பின்னேரம் கடைக்குத் திரும்பி வந்தாள். இரத்தினம் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"இந்தமுறை நோட்டீசைச் சனம் நம்பாதப்பா."

"நம்பவேண்டிய ஆள் ஒருத்திதான்" என்று அவள் புவனஸ் அயர்ஸுக்குப் போன் எடுத்தாள். இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனால் விஷயம் விளங்கியது. நொர்மா ஒன்றை மட்டும் கேட்டாள்.

"உன்ரை கண்ணாலை பாத்தனியோ?"

"ஓம் அக்கா. கடைசிவரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

மறுமுனையில் நொர்மா மூக்கைச் சீறினாள்.

"ரெண்டு தங்கச்சிமாற்றை பேரையும் போடு. படம் அந்தப் பழையதுதான்."

"ஓம்."

"அப்ப நோட்டீசை அடி."