அடுத்தவர் முகத்தில் இருந்த மூக்கு

உங்கள் மூக்கு உங்களுடையதுதானா? யோசித்துச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, 'முகத்துக்கு நடுவில் இருக்கிறதே, வேறு யாருடையது' என்று கேட்காதீர்கள். மூக்கண்ணனுக்கும் மூக்கு முகத்துக்கு நடுவில்தான் இருந்தது. சற்றே பெரிய மூக்கு. அதை வைத்துத்தான் அவர் பிழைத்தார். அதை வைத்துத்தான் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணையும் போட்டார்.

அவருக்கு வேலை ஒரு சலவைக் கூடத்தில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மனிதன் படுக்கையில் விட்டுவிட்டு எழுந்து போகும் சகலமும் அந்த மூட்டைகளில் இருக்கும். முன்பக்கம் துவைக்கும் இயந்திரங்கள். அடுத்து, ஆளையே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம் போன்ற டிரையர்கள். அவற்றுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத நீளமான அறை, அதில் ஒரு நீளமான மேஜை. மேஜையின் இரு பக்கமும் பெண்கள் நின்றபடி விரிப்புகளை மடிப்பார்கள். மேஜை முடியும் இடத்தில் ஒரு முக்காலி. முக்காலியில் மூக்கண்ணன்.

மடித்த கட்டு ஒவ்வொன்றையும் அவர் எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். ஈரவாடையோ பிளீச் நெடியோ போகாத கவிச்சியோ இருந்தால் கட்டு மறுபடி தண்ணீருக்குப் போகும். அவர் தலையாட்டினால்தான் வண்டியில் ஏறும். அந்தக் காலத்தில் அவர் மூக்கு உண்மையிலேயே மூக்குதான். "இது கடைசி அலசல் அலசாம வந்திருக்கு" என்று முகர்ந்த மாத்திரத்தில் சொல்வார், போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். வெளியாட்கள் வந்தால் மானேஜர் அவரைத்தான் காட்டுவார். "எங்க மெஷினை எல்லாம் விடுங்க சார், இவர் மூக்குதான் இங்க விலை ஜாஸ்தி."

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. எழுந்தபோது காய்ச்சலோடு மோப்பமும் போயிருந்தது. முதலில் கண்டுபிடித்தவர் அவர் மனைவி. கடைக்குப் போயிருந்தவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தெருமுனை வரைக்கும் தீஞ்ச வாடை வருது! அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பேப்பர் படிக்கிறீங்களே, மூக்குல பஞ்சு அடைச்சிருக்கா?"

அவர் பேப்பரை மெதுவாக மடித்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். "முக்காலி போயிடும்."

முக்காலி போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் கேவலம். கட்டை மூக்கருகே கொண்டுபோய்க் கண்களைப் பாதி மூடிக்கொள்வார். தியானம்போல் முகர்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மூடாத பாதிக் கண்ணால் அவர் பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது முகம் சுளித்தால் கட்டு திரும்பும். யாரும் சுளிக்காவிட்டால் வண்டி ஏறும். அந்தப் பெண்களோ, 'மூக்கண்ணன் பார்த்துக்குவாரு' என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அவரைப் பார்க்க, அவர் அவர்களைப் பார்க்க, துணியை யாரும் பார்க்கவில்லை. கூடம் நன்றாகவே ஓடியது. வருஷக்கணக்கில் ஓடியது. தான் உண்மையிலேயே முகர்கிறோம் என்று அவரே பாதி நம்பத் தொடங்கிவிட்டார்.

அந்த மேஜையில் ஒரு முகம் சுளித்தால் மற்ற முகங்களும் சுளிக்கும். மேஜைக்குத் தலைமையான பெண்ணின் முகம் அது. மேஜை அக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அவர்கள் பங்கையும் தானே மடித்துப் போடுவாள். அவள் சிரித்தால் மேஜை சிரிக்கும். அவள் 'உச்' கொட்டினால் அன்றைக்கு மழை பெய்தாலும் வெயிலைத் திட்டுவார்கள்.

அந்த மேஜைக்கு ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். 'புதுசு' என்று கூப்பிட்டார்கள், அதுவே பெயராகிவிட்டது. விரிப்பின் நாலு மூலையும் கத்தி வெட்டியதுபோல் நிற்கும்படி மடிப்பாள். அவள் கொண்டுவரும் டப்பாவில் இருந்த அவித்த முட்டைகளை மேஜை அக்காவே கைவிட்டு எடுத்துத் தின்றாள். "இவ கை ராசியான கைடி" என்றாள். அப்போது ஒரு மூக்கும் சுளிக்கவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் விடாமல் கொட்டிய மழை. பஸ் இல்லை. கூடத்தின் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. வீடுகளின் கழிவுத் தொட்டிகளை உறிஞ்சும் டேங்க் லாரி. டிரைவர் பக்கத்திலிருந்து முக்காடு போட்டுக்கொண்டு புதுசு இறங்கினாள். டிரைவர் கை நீட்டி டப்பாவைக் கொடுத்தான்.

"யாருடி அது?"

"எங்க வீட்டுக்காரர், அக்கா."

மேஜை அக்கா லாரியை மேலும் கீழும் பார்த்தாள். அன்று மதியம் அந்த டப்பா மேஜை நடுவில் திறந்தபடி இருந்தது, ஒரு கையும் போகவில்லை. சாயங்காலம் மேஜை அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்னமோ வாடை அடிக்கல?"

பக்கத்தில் இருந்தவள் மோந்து பார்த்தாள். "லேசா அடிக்குது."

எதிரில் இருந்தவள், "லேசாவா? எனக்கு மதியத்துலேருந்தே தலைவலி" என்றாள்.

மறுநாள் தலைவலி எல்லோருக்கும் பரவியது. ஒருத்தி வாந்தி எடுத்தாள். ஒருத்தி சென்ட் பாட்டில் கொண்டுவந்து தெளித்தாள். புதுசு நின்ற இடத்துக்கு இரண்டு பக்கமும் மேஜை காலியானது. அவள் குனிந்த தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தாள். "ரோஜாப்பூ வந்துட்டா, வழி விடுங்கடி" என்று ஒரு குரல் வரும். மேஜையே சிரிக்கும். அவளும் சிரிக்கப் பார்ப்பாள்.

மூக்கண்ணன் பாதிக் கண்ணால் இதையெல்லாம் பார்த்தார். மேஜையில் இருந்த அத்தனை முகங்களும் சுளித்திருந்தன. அத்தனை முகங்கள் சுளித்தால் அவருடைய கணக்கில் அது நாற்றம். இரண்டே நாளில் அவரும் முக்காலியை அவளிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"அந்தப் பொண்ணுகிட்ட தாங்கல. குடலைப் பிடுங்குது."

மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மோந்தேன்."

"மோந்தீங்களா? இங்க நான் பினாயிலை உங்க காலடியில கொட்டினாலும் பன்னீரான்னு கேப்பீங்க. உங்க மூக்கு உங்க மூஞ்சியில இல்லங்க. அந்த மேஜைக்காரங்க மூஞ்சியில இருக்கு."

அவருக்குக் கோபம் வந்தது. நம் குட்டை உடைத்தவர்மேல் நமக்கு வரும் கோபம்.

மேஜை அக்கா பெண்களைக் கூட்டிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனாள். "ஒண்ணு அவ, இல்ல நாங்க" என்றாள். மானேஜர் குளிர்சாதன அறையை விட்டு எழுந்து வந்து பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் நடந்தால் அவர் மானேஜர் ஆகியிருக்க மாட்டார். "எதுக்குச் சண்டை? மூக்கு இருக்காருல்ல, அவர் மோந்து சொல்லட்டும். நாறுதுன்னா அனுப்பிடலாம், இல்லன்னா அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்றார். ரொம்ப நியாயமான தீர்ப்பு என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு பெண்ணை நிற்க வைத்து ஒரு ஆண் முகர்ந்து பார்ப்பது. அந்த அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்களில் ஒருத்திக்கும் இது அசிங்கம் என்று தோன்றவில்லை. வேடிக்கை பார்க்க வாகாக நகர்ந்து நின்றார்கள்.

புதுசு அவர் முன்னால் வந்து நின்றாள். "பக்கத்துல வந்தே பாருங்கண்ணா" என்றாள். "நீங்க சரியாச் சொல்லுவீங்க. அந்த நம்பிக்கையிலதான் சரின்னேன்."

அவர் அவள் தோளருகே குனிந்தார். கழுத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. துணிக்குப் போடும் பிளீச்சைக் கரைத்துத் தேய்த்துக் குளித்திருக்கிறாள். இதை அவருடைய கண் பார்த்தது, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. மூச்சை உள்ளே இழுத்தார். ஒன்றுமில்லை. வெறும் காற்று. 'எனக்குத் தெரியலை' என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்து முக்காலி. வழக்கம்போல் பாதிக் கண்ணைச் சுழற்றினார். மேஜை அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும்.

"நாறுது" என்றார்.

அவள் தன் கையைத் தூக்கித் தானே ஒரு முறை முகர்ந்து பார்த்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"அப்பாடா, இப்பத்தான் மூச்சே விட முடியுது" என்றாள் மேஜை அக்கா. எல்லோரும் மூச்சை இழுத்து விட்டார்கள். தலைவலிகள் தீர்ந்தன. சென்ட் பாட்டில் மூலைக்குப் போனது. மூக்கண்ணனுக்கும் காற்று சுத்தமாகிவிட்டது போலிருந்தது.

அந்த வாரமே ஒரு டிரையர் சரியாகக் காயவைக்கவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவன் மடிப்பு அறையின் கதவைத் திறந்தவன், திறந்த வேகத்தில் வெளியே ஓடினான்.

"ஐயய்யோ, என்னங்க இது! இதுக்குள்ள எப்படி நிக்கிறீங்க?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எதுக்குள்ள?"

"விளையாடறீங்களா? பொணம் அழுகின மாதிரி நாறுது!"

அவன் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வந்து, டிரையருக்குப் பின்னால் சூடான காற்று போகும் குழாயைக் கழற்றினான். ஈரப் பஞ்சுத் தூசி கட்டியாக விழுந்தது. அதன் பின்னால் ஒரு பெருச்சாளி, வீங்கி வெடித்து, பாதி உருகி, குழாயோடு ஒட்டிக்கொண்டு, புழு நெளிய. அந்தப் பெரிய மழையில் சாக்கடை நிரம்பியபோது அது குழாய்க்குள் ஏறியிருந்தது. அதே மழைதான் லாரியையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. வாடை நிஜம்தான். ஆனால் அவர்கள் அதைப் பெருச்சாளிமேல் முகராமல் அவள்மேல் முகர்ந்தார்கள். அவள் போனதும் வாடையும் போனதாக நம்பி, அழுகல் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து 'அப்பாடா' என்றார்கள். அந்தக் காற்றில் காய்ந்த விரிப்புகளில்தான் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் படுத்திருந்தார்கள். மூக்கண்ணன் ஒவ்வொரு கட்டுக்கும் தலையாட்டியிருந்தார்.

யாராவது ஒருத்தி வாயைத் திறந்து 'தப்புப் பண்ணிட்டோம்டி' என்று சொல்லியிருந்தால் மேஜை முழுக்கச் சொல்லியிருக்கும். மேஜை அக்கா முந்திக்கொண்டாள்.

"அவதான் கொண்டாந்து போட்டிருப்பா. நம்மளைப் பழிவாங்க."

"இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"இருக்குமாவது? அவளேதான்" என்றாள் இன்னொருத்தி. சாப்பாட்டு வேளைக்குள், அவள் போட்டதைக் கண்ணால் பார்த்தவளே கிடைத்துவிட்டாள்.

மூக்கண்ணன் எழுந்தார். நேராக மானேஜரிடம் போனார். கதவு திறந்தே இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

"சார், எனக்கு மோப்பம் கிடையாது. பல வருஷமா கிடையாது. அந்தப் பொண்ணு நாறலை. நான் பொய் சொன்னேன்."

மானேஜர் சிரித்தார். "என்ன மூக்கு, ஜலதோஷமா? ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க." மேஜைப் பக்கமிருந்தும் சிரிப்பு வந்தது. "நம்ம அண்ணனுக்கு இரக்கம் வந்திருச்சுடி" என்றாள் மேஜை அக்கா. அவர் மறுபடி சொன்னார். மறுபடி சிரித்தார்கள். முக்காலியில் உட்கார்ந்திருந்தால் அவர் மூக்கு, அவ்வளவுதான். பொய்க்கு அன்று மூச்சுவிடாமல் தலையாட்டியவர்கள் உண்மையை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னபோது மனைவி ஒரே கேள்வி கேட்டார். "மானேஜர்கிட்ட சொன்னீங்க, சரி. அவகிட்ட சொன்னீங்களா?"

இருவரும் போனார்கள். ஒற்றை அறை வீடு. வெளிக் குழாயடியில் புதுசு கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய் நின்றாள். பக்கத்தில் வந்துவிடாதீர்கள் என்பது போல.

மூக்கண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். மோப்பம் இல்லாததையும் குழாயில் கிடந்த பெருச்சாளியையும். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னிக்கு என்னத்த மோந்தீங்க?"

அவர் கை தானாக மூக்குக்குப் போனது.

"அப்ப எனக்கு..." அவள் நிறுத்தினாள். "எனக்கு நாத்தம் இல்லையாண்ணா? நிஜமா? எங்க வீட்டுக்காரரை நான் உள்ள படுக்கவே விடறதில்ல. புள்ளையைத் தூக்கவே பயமா இருக்கு."

இந்த இடத்தில்தான் எனக்குக் குமட்டுகிறது. பெருச்சாளியிடம் அல்ல. அந்த மேஜை, ஒரு பெண்ணின் சொந்த மூக்கையே பிடுங்கி எடுத்துக்கொண்டுவிட்டது.

மூக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொல்லி என்ன பயன்? அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நடந்து போய், அவள் தோளைப் பிடித்து, உரிந்த கழுத்தருகே முகத்தை வைத்து நன்றாக மூச்சை இழுத்தார்.

"சோப்பு வாசனை. கொஞ்சம் பிளீச்சு. வேற ஒண்ணுமில்லடி."

அவள் அழுத அழுகை தெருவுக்குக் கேட்டது. மறுபடி வேலைக்கு வா, நான் பேசுகிறேன் என்றார் மூக்கண்ணன். "அந்த மேஜைக்கு வர மாட்டேண்ணா" என்றாள்.

மூக்கண்ணன் இன்றைக்கும் அதே முக்காலியில்தான் இருக்கிறார். இறங்குகிறேன் என்றார், விடவில்லை. பிறகு இறங்குவதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார்.

அவரைத் திட்டுவது சுலபம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் மேஜையில் இன்றைக்கு யாரைச் சுற்றி இடம் காலியாக இருக்கிறது? அவர்களைப் பற்றி நீங்கள் நம்புவதில் எதை நீங்களே பார்த்தீர்கள்? ஊர் முகங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, எழுந்து, மூக்கண்ணனின் மனைவி நடந்த அந்தச் சில அடிகளை நடந்து போங்கள். பக்கத்தில் நில்லுங்கள். நீங்களே மூச்சை இழுத்துப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால், ஒன்றும் இல்லை என்று மேஜை முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள். இரண்டாவது ஆள் தலையாட்டுவதற்குள் சொல்லுங்கள்.