கல்தூண் இடுக்கில் ஒரு கருப்பு டப்பா

ஏம்மா மருமகளே, உனக்கு வேறு வேலை இல்லையா? அந்த டப்பாவை நான் என்ன செய்தேன் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காதா? சரி, உட்கார். தெருவில் போய்ச் சொன்னாயோ, அப்புறம் இருக்கிறது உனக்கு.

பருத்திப்பட்டு ஏரிக்குப் போகிற வழியில், புது பிளாட் சுவரை ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறதே, மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் கிணற்றுக்காக என் மாமனார் நட்டது. கிணற்றை மூடிவிட்டார்கள். தூணைப் பிடுங்க முடியவில்லை. கொஞ்ச நாளாக யார் யாரோ செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்து அதைச் சுற்றிவிட்டுப் போனார்கள். ஒருநாள் காலையில் நானும் இடுக்கில் கையை விட்டேன். கட்டைவிரல் பருமனில் ஒரு கருப்பு டப்பா. உள்ளே சுருட்டிய காகிதம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அத்தனையும் ஆள் பெயர் என்று மட்டும் புரிந்தது.

பெயர் எழுதிச் சுருட்டி இடுக்கில் செருகினால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், செய்வினை. வேப்பங்கொத்தால் பிடித்து எடுத்துவந்து, மஞ்சளும் கல்லுப்பும் கரைத்த வாளியில் அமுக்கிவிட்டேன்.

"இன்னா தில்லு ஆயா உனுக்கு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. இரண்டு நாள் நான் பாதி சாமியாகவே நடந்தேன்.

மூன்றாம் நாள், பிளாட்டில் குடியிருக்கும் தென்காசிப் பெண் ஒருத்தி தூணடியில் முட்டிபோட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா தேடிகினு கீற? கம்மலா?"

"இல்ல ஆச்சி, ஒரு டப்பா. நான்தான் வச்சேன். எடத்தப் போன்ல போட்டுருவோம். தெரியாதவங்க தேடி வந்து, உள்ள பேர் எழுதிட்டுப் போவாங்க. ஒரு வெளையாட்டு."

"இந்தக் கல்லப் பாக்கவா வராங்கோ?"

"ராஜா காலத்துத் தூணுன்னு எழுதியிருக்கேம்லா."

"என் மாமனாரு கேட்டா கெரீடம் கேப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. "வந்து ஒரு வருசமாச்சு ஆச்சி. இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அந்தப் பேருங்கதான் என் வீட்டுக்கு வந்துட்டுப் போன ஆளுங்க மாதிரி. நசரத்பேட்டையில இருந்து வந்த ஒரு அக்கா, காத்து நல்லாருக்குன்னு எழுதியிருந்தாங்க."

அந்தக் காற்றும் என் வாளியில்தான் கூழாய்க் கிடந்தது. பேசாமல் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் வாளியைக் காட்டினேன்.

டப்பாவை முகர்ந்து பார்த்தாள். "ரசம் வச்சீங்களா ஆச்சி?" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். போனில் ராஜாவை எடுத்துவிட்டு என் மாமனார் கிணற்றை எழுதவைத்தேன். புதுக் காகிதத்தில் முதல் பெயர் என்னுடையது, கோணல்மாணலாக. டப்பாவைப் பழைய இடுக்கிலேயே இருவரும் செருகினோம்.

மறுநாள் தெருவே கூடி, செய்வினை திரும்பி வந்துவிட்டது என்று பதறியது. நான் சொன்னேன்: "மஞ்சத்தண்ணியில போட்டு மாத்திட்டேன். இப்போ அது நம்ம தெருவுக்குக் காவலு. எடுத்துகினு போறவன் கை வீங்கிடும். பேர் எழுதிட்டு வெக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆவாது. போனப் பாத்துகினு வர்றவங்கோ வேண்டுதல்காரங்கோ, மோர் குடுத்து அனுப்புங்கோ. அந்த பிளாட்டுப் பொண்ணுதான் பூசாரி. நல்லது கெட்டதுன்னா மொதல்ல அவள கூப்புடுங்கோ."