நான்கு நாள் எங்கள் வீட்டு நாய்

டென்மார்க்கில் ஒரு கல்வியாண்டு படிப்பதற்காக நான் போய் இறங்குவதற்கு முன்பே, என்னைத் தங்க வைத்துக்கொள்ளப் போகிற குடும்பம் என் ஊரை இணையத்தில் தேடிப் பார்த்திருந்தது. ராஜபாளையம் என்று அடித்ததும் ஊர் வரவில்லை, நாய் வந்திருக்கிறது. உயரமான வெள்ளை நாய், மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. விமான நிலையத்துக்கு வந்திருந்த கணவனும் மனைவியும் பிடித்திருந்த அட்டையில் என் பெயருக்குக் கீழே அந்த நாயை வரைந்திருந்தார்கள்.

கணவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். அந்த அம்மா நூலகத்தில் வேலை பார்த்தார். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு கறுப்பு நாய். அதையும் காரின் பின் இருக்கையில் கூட்டி வந்திருந்தார்கள். என்னை அதன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

எனக்கு நாய் என்றால் நாலாம் வகுப்பிலிருந்தே பயம். தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவேன். இது என் தோளில் தாடையை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர், "உங்கள் வீட்டில் எத்தனை நாய்?" என்று கேட்டார். இல்லை, எனக்குப் பயம் என்று சொன்னால் காரைத் திருப்பி என்னை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்களோ என்று தோன்றியது.

"ஒன்று," என்றேன்.

அதன் பலன், அனுபவசாலி என்ற முறையில் கறுப்பு நாயை நடத்திக் கூட்டிப் போகும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்து மாதம், தினமும் காலையில், பனியிலும் மழையிலும் போனேன். வாரைப் பிடித்த கையை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டியபடி நடப்பேன். எங்கள் ஊர்ப் பழக்கம் அது என்று நினைத்து அவரும் அப்படியே பிடிக்கப் பழகினார். நாய்க்கு வயிறு சரியில்லாதபோது உங்கள் ஊரில் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். தயிர்சாதம் என்றேன். அதற்குப் பிறகு அது வேறு எதையும் முழு மனதோடு சாப்பிடவில்லை. வீடியோ காலில் என் வீட்டு நாயைக் காட்டச் சொன்னால், இப்போதுதான் தூங்கியது என்பேன். பத்து மாதமும் அது தூங்கிக்கொண்டே இருந்தது. பேச்சு ஆங்கிலத்தில் போனதால் அப்பாவும் அம்மாவும் திரையில் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஊர் திரும்பி ஒரு வருடம் ஆனபோது அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. இந்தியா வருகிறார்கள். எங்கள் வீட்டில் நான்கு நாள். முக்கியமாக நாயைப் பார்க்க.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "ஏட்டி, கோழி வளக்கோம்னு சொல்லிருந்தாக்கூட சந்தையில வாங்கிரலாம்லா."

"செத்துப் போச்சுன்னு எழுதிரட்டுமா?" என்றேன்.

"அம்புட்டு தூரத்துலேருந்து வாராவ. எழவு வீட்டுக்கா வரச் சொல்லுத?" என்றார் அப்பா.

அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்தார். தோப்பில் அசல் ராஜபாளையம் நாய் ஒன்று காவலுக்கு இருந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அது லோடு ஆட்டோவில் நின்றபடி, கல்யாண வீட்டுக்கு வரும் சம்பந்தி மாதிரி வந்து இறங்கியது. ஆட்டோ போன பிறகுதான் பெயர் கேட்க மறந்தது தெரிந்தது. அப்பா போன் போட்டார்.

"பேரா? நாயின்னுதான் சொல்லுவோம்," என்றார் தோப்புக்காரர்.

அப்பா ஒரு பெயர் வைத்தார். அம்மா வேறொரு பெயர் வைத்தாள். எதற்கும் அது திரும்பவில்லை. வீட்டில் தெலுங்கு பேசும் எதிர்வீட்டு அத்தை, இந்த ஜாதி நாய்க்குத் தெலுங்குதான் புரியும் என்று சொல்லி, கேட்டுக்கு வெளியே நின்று "இக்கட ரா" என்று மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "ஸ்ரீவில்லிபுத்தூர்ல வளந்ததுல்லா, மறந்திருக்கும்," என்று முடிவு சொல்லிவிட்டுப் போனார்.

வந்தவர்கள் எங்களைக் கட்டிப்பிடித்தார்கள். நாயை அதைவிட அதிக நேரம் கட்டிப்பிடித்தார்கள். முதல் நாள் நன்றாகவே போனது. மறுநாள் காலை அம்மா கை தவறி எவர்சில்வர் குடத்தைக் கீழே போட்டாள். எதிர்வீட்டு அத்தையே என்ன என்று எட்டிப் பார்த்தார். குடத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பாட்டு வாத்தியார் எழுந்து போய் அதன் பின்னால் நின்று கை தட்டினார், சீட்டியடித்தார், கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் குரல் கொடுத்துப் பார்த்தார்.

"இதற்குக் காது கேட்காது," என்றார். "எத்தனை வருடமாக வளர்க்கிறீர்கள்?"

நான் மொழிபெயர்த்தேன். "நாலு வருசம்னு சொல்லு," என்றார் அப்பா.

"நான்கு வருடமாகத் தெரியவில்லையா?"

அப்பா குனிந்து நாயின் காதைப் பார்த்தார். "நேத்து வரைக்கும் கேட்டுச்சுன்னு சொல்லு."

சொன்னேன். ஒரே நாளில் காது போயிருக்கிறது என்றால் அவசரம் என்று அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கால்நடை மருத்துவமனையில் டாக்டர் நாயைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"இது தோப்புக்காரரோடதுல்லா? பிறவியிலேயே காது கேக்காதுன்னு அவர்ட்ட அப்பவே சொன்னேனே." பிறகு வெள்ளைக்காரர்களுக்கும் விளங்கட்டும் என்று அதையே நல்ல ஆங்கிலத்தில், தோப்பு யாருடையது என்பது உட்பட, விவரமாகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாட்டு வாத்தியார் சிரிக்கவில்லை.

"எங்கள் நாயிடமும் பயமா?"

"தினமும்."

"பத்து மாதம் நாங்கள்தான் உன்னை அனுப்பினோம். பனியில்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பொய் சொன்னதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஆங்கிலம் புரியாத அப்பா, நாயின் காதுக்காகத்தான் அழுகிறார் என்று எண்ணி அவர் முதுகைத் தடவினார். "கவலப்படாதீய. நல்லாத்தான் சாப்பிடுது."

நான்காம் நாள் நாயைத் திருப்பி விடவும், அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலைக் காட்டவும் வேன் பிடித்துப் போனோம். தோப்புக்காரரிடம் அப்பா, காது விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க பேரத்தான கேட்டீய?" என்றார் அவர். "காது கேக்காத நாய்க்குப் பேரு எதுக்குன்னுதான் வைக்கல."

எப்படித்தான் கூப்பிடுவீர்கள் என்று பாட்டு வாத்தியார் கேட்கச் சொன்னார். மண்கட்டியை அதன் முன்னால் எறிவோம் என்று பதில் வந்தது. அவர் கோயிலை மறந்தார். மாமரத்தடியில் மண்டியிட்டு, பிஸ்கட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு உள்ளங்கையை நாயின் கண்ணுக்கு நேரே மெல்ல உயர்த்தினார். நாற்பது, ஐம்பது தடவை. கடைசியில் நாய் உட்கார்ந்தது. தோப்புக்காரரும் அவர் வீட்டாரும் வேலையாட்களும் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை கையை உயர்த்திப் பார்த்தார்கள். உட்கார்ந்து எழுந்து நாய்க்கு மூச்சு வாங்கியது. நடை சாத்தியிருப்பார்கள் என்று யாரோ சொன்னபோது அந்த அம்மா, கோபுரம் இங்கிருந்தே தெரிகிறதே என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் வைத்திருந்த பால்கோவாவை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

கிளம்பும்போது தோப்புக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அவிய ஊருல இதுதான் உத்தியோகமா?"

"இல்ல மாமா. பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லிக் குடுக்காவ."

அவர் நாயைப் பார்த்தார். அது யாரும் சொல்லாமலே உட்கார்ந்திருந்தது.

"அதுல வருமானம் இல்ல போல," என்றார், மிகுந்த இரக்கத்தோடு. பிறகு ஒரு கூடை மாங்காயைக் கொண்டுவந்து வேனில் வைத்தார்.