வரி அக்கா

ஆசிரியர்கள் அறையின் சாப்பாட்டு மேசையில் யார் பேசினாலும் வரி அக்காவின் விரல்கள் டிபன் பாக்ஸ் மூடியின் மேல் ஓடத் தொடங்கிவிடும். சத்தம் வராது. பேச்சு நின்றால் விரலும் நிற்கும். யாராவது தும்மினால் ஒரு கணம் தயங்கும். விளையாட்டு ஆசிரியர் ஒருநாள் வேண்டுமென்றே மூச்சு விடாமல் பேசிப் பார்த்தார். அவருக்குத்தான் இருமல் வந்தது. "நீங்க பேசுங்க சார், நான் பிடிச்சுக்கறேன்" என்றார் அக்கா, மூடியிலிருந்து கையை எடுக்காமல்.

பள்ளியின் நூலகம் என் பொறுப்பு. அக்காவின் இடம் ஒன்பதாம் வகுப்பின் கடைசி வரிசை. மடியில் லேப்டாப். ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்கக் கேட்கத் தட்டுவார். கரும்பலகைக்குப் பக்கத்தில் உள்ள திரையில் அது வரிவரியாக ஓடும். இத்தனையும் ஒரே ஒரு மாணவிக்காக. ஆறு வயதில் வந்த காய்ச்சலோடு அந்தப் பெண்ணுக்குக் காது போயிற்று, பேச்சு தங்கிவிட்டது. திரை நின்றுவிட்டால் முதல் வரிசையிலிருந்து திரும்பி, "அக்கா, வரி வரலை" என்பாள். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த குமாஸ்தா, வரி அக்கா உள்ளே வருகிறார் என்று கேள்விப்பட்டு, "வீட்டு வரியா, தண்ணி வரியா?" என்று எழுந்து நின்றுவிட்டார்.

இதற்கு முன் பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையில், டாக்டர்கள் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "அவங்க மென்னு முழுங்கினதையே எழுத்தாக்கினவ நான்" என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் கை அரிக்கும். மருந்துக்கடைப் பலகையில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது என்று கடைக்காரரிடம் மூன்று முறை சொல்லி, நான்காம் முறை பேனாவோடு போய் நின்றார். கணவர் அனுப்பும் செய்திகளை முதலில் திருத்தித் திருப்பி அனுப்புவார், பதில் அதற்குப் பிறகுதான் போகும். பேருந்து ஓட்டுநரான அந்த மனிதர் ஒருநாள் வாசலில் காத்திருந்தபோது என்னிடம் புலம்பினார்: "சண்டை போடும்போதுகூட தொடையில தட்டிக்கிட்டே இருப்பா. நான் என்ன சொன்னேன்னு அப்புறம் எனக்கே வரி பிசகாம ஒப்பிப்பா. இவகிட்ட எவன் ஜெயிக்கிறது?"

பாடத்தை மட்டும் தட்டுவதோடு அவர் நிற்பதில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது, கடைசி பெஞ்சில் ஒருவன் விசிலடித்தான், கணக்கு டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது எல்லாம் திரையில் வரும். தலைமையாசிரியை ஒருமுறை கேட்டார், இதெல்லாம் எதற்கு என்று. "எல்லாரும் சிரிக்கிறப்ப ஏன்னு தெரியாம உட்கார்ந்திருந்தா அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் மேடம்?" என்றார் அக்கா.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் கருவி ஒன்று பள்ளிக்கு வந்த அன்றே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ரெண்டு வாரம் அது மட்டும் ஓடட்டும். நீங்க பின்னால உட்கார்ந்து பாருங்க, கீபோர்டைத் தொடாதீங்க. தப்பில்லாம ஓடிச்சுன்னா அடுத்த டேர்ம்லேர்ந்து உங்க வேலைக்கு அவசியம் இருக்காது." ஆசிரியரின் சட்டையில் பட்டாணி அளவுக்கு ஒரு மைக், சுவரில் ஒரு பெட்டி, அவ்வளவுதான் அந்தக் கருவி. அக்கா அன்று மேசையில் மூடியைத் தொடவே இல்லை. "பயமாத்தான் இருக்கு. நாப்பத்தாறு வயசுல என்னை யாரு கூப்பிட்டு வேலை குடுப்பா?" என்றார்.

முதல் வாரம் கருவி நன்றாகவே ஓடியது. கணக்கு, வரலாறு எதிலும் பெரிய பிசகு இல்லை. இரண்டாம் வாரம் அறிவியல் சார் ஒலி பற்றிய பாடத்தை எடுத்தார். இருபத்திரண்டு வருட அனுபவம், பிரமாதமாக நடத்துவார். ஆனால் அவர் நாக்குக்கு லகரமும் ளகரமும் ஒன்றுதான். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, என் நாக்கும் அதே ரகம். வகுப்புக்கு அது தொந்தரவாக இருந்ததில்லை, புத்தகத்தில் தலைப்பு தெளிவாக இருக்கிறதே. சார், வெற்றிடத்தில் ஒலி செல்லாது என்றார். பெட்டி எழுதியது: "வெற்றிடத்தில் ஒளி செல்லாது."

அந்தப் பெண் கை தூக்கினாள். ஏற்ற இறக்கம் இல்லாத, கொஞ்சம் உரத்த குரல் அவளுக்கு. "சார், சூரியனுக்கும் நமக்கும் நடுவுல வெற்றிடம்தானே? அப்ப வெயில் எப்படி இங்க வருது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார் விழித்தார். "நான் எப்பம்மா வெயிலைப் பத்திப் பேசினேன்?" பெட்டி அதையும் ஒழுங்காக எழுதியது. வகுப்பு சிரித்ததை அது எழுதவில்லை. அவள் பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் அக்காவின் டிபன் பாக்ஸ் திறந்தபடி கிடந்தது. "விடுங்க, இன்னும் நாலு தப்பு விட்டா உங்க நாற்காலி நிலைச்சுடும்" என்றேன். ஆம், அப்படிச் சொன்னது நான்தான். அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. சரியான கேள்வியைக் கேட்டுட்டுக் கேலி வாங்கிட்டு உட்காருது" என்று மூடியை அழுத்தி மூடினார்.

பாடத்தில் வரப்போகும் சொற்களை முன்கூட்டியே பட்டியல் போட்டுக் கொடுத்தால் பெட்டி அவற்றுக்கு முதலிடம் தரும். கீபோர்டைத் தொடக் கூடாது என்பது வகுப்பு நேரத்துக்கு மட்டும்தான் என்று தலைமையாசிரியையிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அக்கா பட்டியலில் "ஒலி" என்று போட்டார். மறுநாள் வேறு கூத்து. மின்னலின் ஒலி முதலில் தெரியும், இடியின் ஒலி பிறகு கேட்கும் என்று எல்லாமே ஒலியாகிவிட்டது. ஒற்றைச் சொல்லை நம்பிப் பயனில்லை என்று அக்காவுக்கு அப்போது புரிந்தது.

இனி சாரிடம்தான் போக வேண்டும். மூத்த ஆசிரியரிடம் உங்கள் நாக்கு வளையவில்லை என்று யார் சொல்வது? வகுப்பு முடிந்ததும் அக்கா பழியைத் தூக்கிப் பெட்டியின் மேல் போட்டார். "இந்த மெஷினுக்குக் காது கொஞ்சம் மந்தம் சார். தனியா ஒலின்னா தடுமாறுது. ஒலி அலைன்னு சொல்லுங்க. வெளிச்சம்னா ஒளிக்கதிர்னு சொல்லுங்க. துணைக்கு ஒரு சொல் இருந்தா பிடிச்சுக்கும்."

"நல்லாத் தேடிப் பிடிச்சாங்க, ஒரு செவிட்டு மெஷினை" என்றார் சார்.

சட்டையில் மைக் அணைக்காமல் இருந்தது. பையை எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் திரையில் அந்த வரியைப் படித்துவிட்டாள். சார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பரவாயில்ல சார், நானும் அதுவும் ஒரே கட்சிதான்" என்று அவள் சிரித்தாள். அதற்கப்புறம் சார் துணைச்சொல்லை மறந்ததே இல்லை.

அந்த வாரம் தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் அக்கா என் நூலகத்தில் உட்கார்ந்தார். எல்லாப் பாடப் புத்தகங்களையும் பரப்பிவைத்து காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் இரட்டைப் பிள்ளைகளைத் தேடினார்: அரை, அறை, கரை, கறை, பரவை, பறவை, வேலை, வேளை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு துணைச்சொல். "உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கறீங்க" என்றேன். "கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றார்.

ஒருநாள் அந்தப் பெண்ணும் பக்கத்து இருக்கைத் தோழியும் வந்தார்கள். யாராவது சிரித்தால் ஏன் என்று இவளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டவேண்டும் என்று தோழிக்கு உத்தரவு போட்டார் அக்கா. "பெட்டிக்கு அதெல்லாம் வராதும்மா. நீதான் பார்த்துக்கணும்."

அந்தப் பெண் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அது எல்லாத்தையும் சரியா எழுதிட்டா நீங்க இருக்க மாட்டீங்களே?"

அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, தட்டிவிட்டு, அவள் பக்கம் திருப்பினார். "தப்பா ஒரு வரி ஓடினா எனக்குச் சாப்பாடு இறங்காது." அவள் அசையாமல் நின்றாள். அக்கா மறுபடி திருப்பி இன்னொரு வரி சேர்த்தார். "எனக்கும் பயம்தான்." அவள் படித்துவிட்டு அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் எழுந்து போய், அடுக்கியிருந்த புத்தகங்களை மறுபடி அடுக்கினேன்.

கடைசி நாள் தலைமையாசிரியை நோட்டும் பேனாவுமாக வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்று சரியாக ஓடினால் அந்த நாற்காலி போய்விடும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வராத புத்தகங்களைக் கேட்கிற சாக்கில் நானும் வாசலில் நின்றேன். அறிவியல் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மின்னல் வெட்டும்போது ஒளிக்கதிர் முதலில் நம்மை எட்டுகிறது, ஒலி அலை பின்னால் வந்து சேர்கிறது. திரையில் அது அப்படியே வந்தது, ளகரம் ளகரமாக, லகரம் லகரமாக. தலைமையாசிரியை நோட்டில் ஒரு டிக் போட்டார்.

முதல் வரிசைப் பெண் அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். நம்பிக்கை வரவில்லை போலும். சட்டென்று திரும்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு அக்காவின் கைகளைத் தேடினாள். அக்கா இரண்டு கைகளையும் லேப்டாப்புக்கு மேலே தூக்கி, விரித்துக் காட்டினார். சார் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தார். தூக்கிய கைகளில் விரல்கள் அந்த வரியைக் காற்றில் தட்டிக்கொண்டிருந்தன.