ஏர் ஃபில்டர் காயும் வரை

எங்கள் பழைய லாரிக்குக் காகித ஏர் ஃபில்டரா, கழுவி மாட்டுகிற துணி ஃபில்டரா என்று பேச்சு வந்தபோது, இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத நான்தான் அதிகம் பேசினேன். காகிதம் என்றால் அழுக்கானதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டலாம், பத்து நிமிட வேலை என்றார் நாமக்கல் பட்டறை மெக்கானிக். துணி ஃபில்டரைக் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். காய ஒரு நாள் ஆகும், அதுவரை வண்டி சும்மா நிற்கும் என்று பயமுறுத்தினார். வண்டி ஒரு நாள் நிற்கும் என்றதும் நான் முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் சொந்த லாரியைத் தானே ஓட்டினார். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி வடக்கே போனால், கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளத்தோடு திரும்ப இருபது நாளாகும். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வந்து குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடுவதற்குள் அடுத்த லோடுக்குப் போன் வந்துவிடும். இன்னும் ஒரு நாள் இருங்கள் என்று கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை. ஒரு முறை வாங்கினால் பல வருடம் வரும் என்று நியாயம் பேசித் துணி ஃபில்டரை வாங்க வைத்தேன்.

கழுவுகிற வேலை என்னுடையது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கறுப்பு போகும் வரை அலசுவேன். என் பட்டுப்புடவையைக்கூட அவ்வளவு பதமாக நான் கையாண்டதில்லை. அது கொட்டகையில் தொங்குகிற நாள் முழுக்க அவர் வீட்டில் இருப்பார். ஒழுகும் குழாயைச் சரி செய்வார். ஜேடர்பாளையம் போய் ஆற்றில் குளித்து மீன் சாப்பிட்டு வருவோம். மத்தியானம் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்; நான் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளுவேன். அந்த மத்தியானங்களில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு சித்திரை மாதம் ஃபில்டர் மதியத்துக்குள்ளேயே மொடமொடவென்று காய்ந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. யாரும் பார்க்காதபோது ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டேன்.

"ஏனுங்க, இன்னும் ஈரமாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

அவர் தொட்டுப் பார்த்தார். "காயட்டும் புள்ள. ஈரத்தோட மாட்டுனா இஞ்சினுக்கு ஆவாது."

அதன்பிறகு வெயில் காலம் முழுக்க அந்தத் திருட்டுத்தனம் தொடர்ந்தது. வண்டி நின்று லோடு கைவிட்டுப் போகும்போது மனசு குறுகுறுக்கும். ஆனாலும் அடுத்த முறை சொம்பைத் தேடுவேன்.

போன வருடம் அந்த லாரியை விற்றோம். புது வண்டிக்குக் காகித ஃபில்டர்தான். பத்து நிமிடத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எனக்கு அந்த வண்டியைப் பிடிக்கவேயில்லை.

பழைய வண்டியை ஒப்படைக்கும் முன் கேபினைச் சுத்தம் செய்ய நான்தான் ஏறினேன். படுக்கைக்கு அடியில், பழைய தார்ப்பாய்க்குக் கீழே, ஓரம் நைந்த ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே பிரிக்காத பிளாஸ்டிக் உறையில் அந்த லாரிக்கான காகித ஏர் ஃபில்டர். கீழே இறங்கி, இது எப்போது வாங்கியது என்று கேட்டேன். துணி ஃபில்டர் வாங்கிய அன்றைக்கே, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சேர்த்து வாங்கியது என்றார்.

"அப்பறம் ஏனுங்க ஒரு நாளும் எடுத்து மாட்டல?"

அவர் என்னைப் பார்க்காமல் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மாட்டுனா அன்னைக்கே கெளம்போணுமே புள்ள."