ஏரி வரைக்கும் அம்மா பேசினார்

எங்கள் வீட்டில் சண்டைகூட எழுத்தில்தான் நடக்கும். அப்பாவுக்கு நைட் ஷிப்ட், அம்மாவுக்குப் பகல் ஷிப்ட். இருவருக்கும் பாயான் லெப்பாஸில் வேலை, ஆனால் வேறு வேறு தொழிற்சாலைகள். மாலை ஆறு மணிக்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு பேருந்து வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போகும். எட்டு மணிக்கு இன்னொன்று வந்து அம்மாவை இறக்கிவிடும். காலையில் இதே கூத்து தலைகீழாக நடக்கும். நடுவில் விழும் ஓட்டைகளை எதிர்வீட்டு அக்கா அடைத்துக்கொண்டிருந்தார். என்னையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள எப்போதும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர்களே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு இது. இதனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் குடித்தனம் நடத்தினார்கள்.

ஆகவே குளிர்பெட்டிக் கதவில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. கேஸ் தீர்ந்துவிட்டது, சின்னவனுக்கு இருமல், ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்று எல்லாமே அதில்தான் வரும். கைப்பேசி இல்லாமலில்லை. ஆனால் வேலைக்குள் நுழையும்போது அதை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். ஒருவர் வெளியே வந்து கைப்பேசியைத் திறக்கும்போது மற்றவர் பூட்டியிருப்பார், இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது பத்து வயது. பலகையில் வருவது போவதெல்லாம் ஒன்று விடாமல் படிப்பேன். வெட்கம் என்பது கொஞ்சமும் கிடையாது.

வரவிருந்த பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு அதிசயமாக இருவருக்கும் ஒன்றாக ஓய்வு விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை அப்பா நைட் முடித்து வந்ததும் அது தொடங்கும். கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று அப்பா பலகையில் எழுதினார். கைப்பேசியில் தேடி மூன்று இடங்களையும் வரிசையாக எழுதிவைத்தார்.

முதலாவது, தெலுக் பஹாங் பக்கம் ஓர் ஓடைக்கரை. வீட்டிலிருந்து பத்துக்கல் தூரத்தில் போய்க் கூடாரம் அடித்தால் ஊர் சிரிக்கும் என்று எல்லோரும் சேர்ந்து அதை அழித்தோம். இரண்டாவது, கூலிம் பக்கம் ஒரு சின்ன ஏரி. கழிவறை உண்டு, கடை உண்டு, காரை விட்டு இறங்கினால் கூடாரம். மூன்றாவதுதான் அசல் சரக்கு. பேராக் மாநிலத்தின் வடக்கே கிரிக்கைத் தாண்டி, மாநிலப் பூங்காவுக்குள் இருக்கும் பெரிய ஏரி. படகில்தான் போக வேண்டும். கடைசிப் படகு மூன்று மணிக்கு.

ஆளுக்கொரு காந்தப் பொம்மை இருந்தது. யாருக்கு எந்த இடம் வேண்டுமோ அதற்கு நேராக ஒட்ட வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். அப்பாவின் ஆமை பெரிய ஏரிக்குப் போனது. கூட வேலை செய்கிற ஒருவர் அங்கே பிடித்த மீனின் படத்தைக் காட்டியதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. என் பூனையும் அங்கேதான். அம்மாவின் அன்னாசி கூலிமுக்குப் போனது. தம்பிக்கு ஆறு வயது, அம்மா எங்கேயோ அவன் அங்கே. இரண்டுக்கு இரண்டு.

அன்னாசிக்குப் பக்கத்தில் அம்மா காரணமும் எழுதியிருந்தார். “கூலிம்னா நீங்க மத்தியானம் வரைக்கும் தூங்கிட்டு மெதுவா கிளம்பலாம். அங்கேன்னா படகைப் பிடிக்கணும், தூங்காம ஓட்டணும். வேணாங்க.” அம்மாவுக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும்தான் உண்டு. காரென்றால் அப்பாதான் ஓட்ட வேண்டும்.

அந்த எழுத்தை நான் எத்தனையோ தடவை படித்தேன். எனக்குப் பட்டதெல்லாம் ஒன்றுதான். அம்மாவுக்கு எதிலும் ஆசை கிடையாது, பிறருடைய ஆசைக்கும் ஒரு சாக்கு வைத்திருப்பார். கூலிம் ஏரி ஏரியா? குளம். அதற்குப் போய்விட்டு வந்து வகுப்பில் என்ன சொல்வது? மறுநாள் விடியலில் அம்மா வேலைக்குப் போனதும், எதிர்வீட்டு அக்கா தம்பிக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா வந்து பலகையைப் பார்ப்பதற்கு முன், நான் அன்னாசியைத் தூக்கிப் பெரிய ஏரிக்கு நேராக ஒட்டினேன். அம்மாவின் எழுத்தைத் துணியால் துடைத்தேன். தம்பியின் காந்தத்தை மாற்றியிருந்தாலும் போதும். ஆனால் அவன் அதைத் தினமும் போய்த் தொட்டுப் பார்ப்பான், கத்துவான். அம்மா தன்னுடையது எங்கே என்று தேடுகிற ஆள் இல்லை என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பள்ளி முடிந்து வந்தபோது நாற்காலியின் மேல் ஒரு புதிய தூண்டில் கம்பு நீளமாகக் கிடந்தது. அப்பா அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நைட் வேலை செய்கிறவரைப் பகலில் எழுப்புவதுதான் எங்கள் வீட்டிலேயே பெரிய குற்றம். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் படமாகத்தான் பார்ப்போம். பலகையில், இடம் புக் பண்ணியாச்சு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே ஒரு சிரிக்கும் முகம் வரைந்து, அம்மாவுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்.

அம்மா எட்டு மணிக்கு வந்தார். பலகையைப் பார்த்தார். பிறகு தூண்டிலைப் பார்த்தார். யார் இதை மாற்றியது என்று பொதுவாகக் கேட்டார். நான் வீட்டுப்பாடத்தில் மூழ்கி உலகத்தையே மறந்திருந்தேன். தம்பி தெரியாது என்றான், அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. அம்மா பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். கடைசியில், வியாழக்கிழமை நைட்டுக்கு மட்டும் லீவு கேட்டுப் பாருங்கள் என்று எழுதினார்.

பதில் மறுநாள் வந்தது. “ஆள் பத்தலையாம். பரவாயில்ல லா, நான் ஓட்டிருவேன்.”

திட்டம் கலையவில்லை என்று எனக்கு ஒரே நிம்மதி.

வெள்ளிக்கிழமை அப்பா எட்டரைக்குத்தான் வந்தார். மிஷின் நின்றுபோய் ராத்திரி முழுக்க உட்காரவே நேரமில்லை என்று அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. குளித்தார், பால் ஊற்றாத கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார், ஒன்பதரைக்குக் கிளம்பிவிட்டோம்.

எங்கள் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தில் ஏறியதும் அம்மா பேச ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த அம்மா சாப்பிட்டாயா, படித்தாயா, படு என்ற மூன்று சொற்களில் நாளை முடிக்கிறவர். அன்றைக்கு மடை திறந்துவிட்டது. பள்ளியில் வாத்தியாரின் சைக்கிள் காற்றைப் பிடுங்கிய கதை, வேலையிடத்தில் யாரோ ஒரு சூப்பர்வைசர் கண்ணாடிக் கதவில் போய் முட்டிக்கொண்ட கதை என்று நிறுத்தவே இல்லை. சொல்லிவிட்டு அப்பாவிடம் கேள்வி வேறு கேட்பார். தலையாட்டினால் விடமாட்டார், வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்பதையே அன்றுதான் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் ஒரே தொழிற்சாலைப் பேருந்தில் போய்வந்தவர்களாம். வேலை முடிந்து திரும்பும்போது அப்பா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தினமும் தவறவிடுவாராம். ஒருநாள் அம்மா பாவம் பார்த்துக் குடைக் கம்பால் தட்டி எழுப்பினாராம். அன்று நீங்கள் பச்சைச் சட்டை என்றார் அம்மா. நீலம் என்றார் அப்பா. மழை நாள் என்றார் அம்மா. வெயிலடித்தது, குடை வெயிலுக்குத்தான் என்றார் அப்பா. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. வரிக்கு வரி தப்பாகச் சொன்னார், வரிக்கு வரி அப்பா திருத்தினார். மூன்று மாதத்துக்கு முந்திய மின்சாரக் கட்டணத்தைக் கடைசிச் சென் காசு வரைக்கும் சொல்லும் அம்மாவுக்கு இது மட்டும் எப்படி மறந்தது என்று நான் வியந்தேன். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு, இந்த அம்மாவை வெளியே கொண்டுவந்தது நான்தான் என்று உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டேன்.

பாலிங்கைத் தாண்டியதும் தம்பி ஆரஞ்சு கேட்டான். அம்மா குனிந்து அதை உரித்துக்கொண்டிருந்தார், ஒரு நிமிடம் இருக்கும், பேச்சு நின்றது. திடீரென்று டயர் சரளைக் கல்லில் கரகரவென்று ஓடியது. “ஏங்க!” என்றார் அம்மா. அவருடைய கை அதற்குள் ஸ்டியரிங்கில் இருந்தது. கார் நேரானது. ஆரஞ்சு காலடியில் உருண்டது. பிறகு அம்மா சிரித்துக்கொண்டே, அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டும், எங்காவது நிறுத்துங்கள் என்றார்.

சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்தினோம். அப்பா குழாயடியில் தலையை நனைத்தார். அம்மா கழிவறைப் பக்கமே போகவில்லை. கோப்பி வாங்கிவந்து கொடுத்து, இருக்கையைச் சாய்த்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடச் சொன்னார். அப்பா மூடிய மாத்திரத்தில் குறட்டை வந்தது. நான் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணி பன்னிரண்டரை. படகு போய்விடும், எல்லாம் அம்மாவால்தான் என்று பொருமினேன். அம்மா தம்பியைக் கைகழுவக் கூட்டிக்கொண்டு போன சமயம், காரின் கதவைத் திறந்து அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அப்பா, எழுந்திருங்க. லேட் ஆயிருச்சு.”

ஐந்து நிமிடம்கூடத் தூங்கியிருக்கமாட்டார். திடுக்கிட்டு எழுந்து, சிவந்த கண்ணோடு சாவியைத் தேடினார். திரும்பி வந்த அம்மா என்னைப் பார்த்தார். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. ஏறு என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கொண்டாட்டம். அம்மா ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டார். பாட்டே பாடாதவர் பாடினார், சுதி எங்கேயோ போனது. பதினேழாம் வாய்ப்பாட்டை அப்பா ஒப்பிக்க வேண்டும், தப்பினால் தொடையில் ஒரு கிள்ளு என்று போட்டி வைத்தார். அப்பா எட்டாவது வரியில் தப்பினார், கிள்ளு பலமாகவே விழுந்தது. தம்பி சிரித்துச் சிரித்து விக்கலெடுத்தான். மலைச் சாலை வளைந்து வளைந்து ஏறியது. அம்மாவின் குரல் கரகரத்துவிட்டது, ஆனாலும் நிற்கவில்லை. அவருடைய வலது கை அப்பாவின் பிடரியில் இருந்தது. எவ்வளவு ஆசை பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டரைக்குப் படகுத்துறையை அடைந்தோம். ஏரி நான் நினைத்ததைவிடப் பெரியது. தண்ணீருக்குள்ளிருந்து பட்டுப்போன மரங்கள் நின்றபடியே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. முகாமில் இறங்கியதும் படகுக்காரரே பாவப்பட்டுக் கூடாரம் அடிக்க உதவினார். அப்பா பாய் விரித்துப் படுத்தவர் இருட்டும் வரை அசையவில்லை. தூண்டில் கம்பு உறைக்குள்ளேயே கிடந்தது.

அம்மா கரையில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்து, அந்தப் பேருந்துக் கதையை மறுபடி சொல்லுங்கள் என்றேன். அம்மா தலையை ஆட்டி மறுத்தார். காரில் அவ்வளவு பேசினீர்களே என்று சிணுங்கினேன்.

“பேசி முடிச்சுட்டேன்மா” என்றார். குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் அத்தனை பேச்சு, எனக்கு ஒன்றுமில்லையா? கூலிம் கிடைக்காத கோபத்தை இப்போது என்மேல் காட்டுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு எழுந்துபோனேன். மறுநாள் அப்பா இரண்டு சின்ன மீன் பிடித்தார், நான் மிதவைச் சட்டை போட்டுத் தண்ணீரில் ஆட்டம் போட்டேன், அம்மா எல்லாவற்றுக்கும் சிரித்தார். பேச்சு மட்டும் மூன்று சொல்லுக்கு மேல் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். இரண்டு இரவு நன்றாகத் தூங்கி எழுந்த அப்பா விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். காரில் ஏறினால் அம்மா பழையபடி ஆரம்பிப்பார் என்று நான் நடு இருக்கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவரோ கிரிக் வருவதற்குள் ஜன்னலில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். பாலிங் போனது, கூலிம் போனது, எழுந்திருக்கவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுப்பலாம் என்று அவர் தோளுக்குக் கையை நீட்டினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்த அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார்.

“தூங்கட்டும் விடும்மா. போகும்போது அம்மாதானே காடிய ஓட்டுனாங்க.”

அம்மாவுக்குக் கார் லைசென்ஸே கிடையாதே. அப்பா ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.